கறுப்பு மீன் செத்த காரணம்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் ஜோசியர் வீட்டுக்குப் போய் வந்தோம். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அக்கா கேட்டால்தானே!

அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. கோயமுத்தூர் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சாந் தேதி வாங்க, ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிரலாம்" என்றார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் சொன்னதை ஜோசியரும் சொன்னால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

ஜோசியர் நன்றாகவே சொன்னார். அக்கா தெய்வானைக்கு இந்த வருசம் கண்டமாம், உயிருக்கே வரும் கண்டமாம். பரிகாரத்துக்கு வீட்டின் ஈசானிய மூலையில் மீன் தொட்டி வைக்க வேண்டும். எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன். வருகிற கெட்டதையெல்லாம் கறுப்பு மீன் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். அது செத்தால் அழக்கூடாது, கண்டம் கழிந்தது என்று சந்தோசப்பட வேண்டும்.

வெளியே வந்து செருப்புப் போடும்போதே அக்கா ஆரம்பித்தாள். "ஏன்டா வேலு, நீ தண்ணி வேலைதான பாக்கற? நீயே தொட்டிய வெச்சுக் குடுத்துருவீல்ல?"

"வெக்கறேன். ஆனா இருபத்தஞ்சாந் தேதி ஆஸ்பத்திரிக்கு வரோணும்."

"வராம எங்கடா போறேன்? அதும் பாக்கலாம், இதும் வெக்கலாம். ரண்டுல எது கேக்குதோ கேக்கட்டும்."

சரி என்றேன். அம்மா போனபோது எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பதினேழு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய் என்னைக் கெமிஸ்ட்ரி படிக்க வைத்தவள். மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். அவள் கேட்டு நான் தொட்டி வைக்க மாட்டேனா?

ஜூன் 11, புதன்

தொட்டி வந்தது. மூன்றடி நீளம். விளக்கு, ஃபில்டர், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார்.

கூழாங்கல்லை மட்டும் நான் விடவில்லை. நான் வேலை பார்க்கும் சாயக் கம்பெனியில் இருந்து அசிட்டிக் ஆசிட் கொண்டுவந்து ஊறப்போட்டேன். பொங்கிப் பொங்கி நுரைத்தது. கல்லில் சுண்ணாம்பு இருந்தால் அப்படித்தான். நுரை அடங்கும்வரை ஊறவைத்துக் கழுவினேன். சாயப்பட்டறைக்காரனுக்குச் சுண்ணாம்புதான் ஜென்ம எதிரி. தண்ணீரில் கொஞ்சம் இருந்தால் போதும், துணியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். முதலாளி லேபுக்குள் வந்து நின்றுகொண்டு என் மூஞ்சியையே பார்ப்பார்.

தண்ணீர் விசயத்திலும் அப்படியே. எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அந்த உப்புத் தண்ணீரையா அக்காவின் மீனுக்கு ஊற்றுவேன்? கம்பெனி ஆர்.ஓ. பிளான்ட்டில் இருந்து கேன் கேனாக வேனில் ஏற்றி வந்தேன். இதைவிடச் சுத்தமான தண்ணீர் திருப்பூரிலேயே கிடையாது.

"கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு கேன் வந்ததில்ல. இந்த ஊட்ல மீனாப் பொறந்திருக்கோணும்" என்றாள் வசந்தாமணி.

ஜூன் 13, வெள்ளி

நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து மீன் விட்டாயிற்று. அக்கா கற்பூரம் காட்டினாள். கறுப்பு மீனுக்குக் கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வெளியே நிற்கிறது. "கருப்பராயா, நீதான்யா காவல்" என்று அதற்குக் குலசாமி பேரையே வைத்துவிட்டாள்.

"என்னமோ பி.எச்., பி.எச்.ங்கறயே, இந்தத் தண்ணிக்கு எத்தன?" என்று கேட்டாள்.

தண்ணீர் புளிப்பா காரமா என்று சொல்லும் எண் அது, ஏழு என்றால் நடுவில், இறங்கினால் புளிப்பு, ஏறினால் காரம் என்று விளக்கினேன். மீட்டரை வைத்துக் காட்டினேன். ஏழு. நெத்தியடி.

"கம்பெனியில இவனப் பி.எச். வேலுன்னுதான கூப்புடறாங்க, சும்மாவா?" என்று அக்கா பக்கத்து வீட்டுப் பரிமளாவிடம் பெருமை அடித்தாள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

6.6. காலையிலும் மாலையிலும் அக்கா தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தீனியை அள்ளி அள்ளிப் போடுகிறாள். குறைத்துப் போடச் சொன்னேன். "வாயில்லாச் சீவன் வயித்தக் கட்டுனா பாவம்" என்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

6.2. தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 21, சனி

5.8. மறுபடியும் மாற்றினேன். மறுபடியும் இறங்குகிறது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று கம்பெனிக்கு எடுத்துப்போய்ச் சரிபார்த்தேன். மீட்டருக்கு ஒன்றும் இல்லை.

மீன்கள் அடியில் போய்ச் சும்மா கிடக்கின்றன. கருப்பராயன் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான்.

"ஏனுங்க, ஊருத் தண்ணிக்கெல்லாம் நாடி புடிக்கறவரு, நம்ம ஊட்டுத் தண்ணிக்குப் புடிக்க முடியலீங்களா?" என்றாள் வசந்தாமணி. கிண்டல்தான். ஆனாலும் சுருக்கென்றது. டன் கணக்கில் தண்ணீரை நான் சொன்ன எண்ணில் நிறுத்துகிறவன். ஒரு மூன்றடித் தொட்டி என்னிடம் விளையாட்டுக் காட்டுகிறது. கடைக்காரரிடம் கேட்கலாம் என்றாள். மீன் கடைக்காரரிடம் போய் நான் பி.எச். கேட்பதா?

ஜூன் 22, ஞாயிறு

5.5.

சாயந்திரம் அக்காவும் வசந்தாமணியும் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஒரு சின்ன வேலை செய்தேன். காலையில் பி.எச். ஏழரையில் வந்து நின்றுவிடும். பதினெட்டு வருசமாக இந்தக் கை தப்பியதில்லை.

ஜூன் 23, திங்கள்

கருப்பராயன் செத்துவிட்டான். விடிந்து வந்து பார்த்தபோது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தான். மற்ற மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தேன். எண்ணை இங்கே எழுதவில்லை. அவசர அவசரமாகப் பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் நிரப்பினேன். எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் கழுவிக் கவிழ்த்தேன்.

அப்புறம்தான் அக்கா எழுந்து வந்தாள். பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"போயிட்டான்டா வேலு! என்ற கண்டத்தத் தூக்கிட்டுப் போயிட்டான்டா!"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது நிஜம். "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பிக்கவும் செய்தேன். அவள் கேட்டால்தானே. பரிமளாவைக் கூப்பிட்டாள், வசந்தாமணியைக் கட்டிப்பிடித்தாள். வேப்ப மரத்தடியில் குழி தோண்டி, மஞ்சள் துணியில் சுற்றி அடக்கம் செய்தாள். அப்புறம் உட்கார்ந்து நாலு தோசை தின்றாள். இந்த மாதத்தில் அவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது?

ஜூன் 24, செவ்வாய்

நாளைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறாள் அக்கா.

"அதான் போயிருச்சில்ல. போனத எதுக்குப் போயி ஊசி குத்தித் தேடறது? போன் பண்ணி வேண்டாம்னு சொல்லீரு."

"டெஸ்ட்தானுங் அக்கா, போயிட்டுத்தான் வந்துரலாமே" என்றாள் வசந்தாமணி. அக்கா என் பக்கம் திரும்பினாள். நான்தான் போன் செய்தேன். எடுத்த பெண், "வேற தேதி குடுக்கட்டுங்களா சார்?" என்று கேட்டது. அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 25, புதன்

கம்பெனியில் நேவி புளூ சாயம். கேட்ட ஷேடு அப்படியே வந்தது. முதலாளி தோளில் தட்டினார்.

ஜூலை 2, புதன்

எழுதாவிட்டால் மட்டும் இல்லை என்று ஆகிவிடுமா? எழுதுகிறேன்.

சோடா போட்டேன். துணியில் சாயம் பிடிக்கக் கம்பெனியில் போடுகிற காரத் தூள். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். கம்பெனியில் புளிப்பு ஏறினால் சோடா, காரம் ஏறினால் ஆசிட். கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. துணிக்கு உயிர் கிடையாது, அதனால் அது சாவதில்லை.

காலையில் மீட்டர் காட்டியது 9.1.

முதலில் தண்ணீர் ஏன் புளித்தது என்று இப்போது தெரிகிறது. மீன் கழிவு மக்க மக்கப் புளிப்பு சேரும். சாதாரணத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் உப்பும் அதைத் தாங்கிக்கொள்ளும். நான் ஊற்றிய தண்ணீரில் தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. இருந்த கொஞ்சத்தையும் கல்லில் இருந்து ஆசிட் ஊற்றி எடுத்துவிட்டேன். வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

ஆனால் அது தெரியாமல் செய்தது. இது தெரியாமல் செய்ததில்லை. மீன் கழிவில் இருக்கிற அம்மோனியா புளிப்புத் தண்ணீரில் அடங்கிக் கிடக்கும். காரம் பட்டால் விசமாகக் கிளம்பும். கம்பெனியில் அம்மோனியம் சல்பேட் மேல் தப்பித்தவறிச் சோடா பட்டால் மூக்கைப் பிய்த்துக்கொண்டு வரும், எல்லாரும் வெளியே ஓடுவோம். எனக்குத் தெரியும். நூறு தடவை ஓடியிருக்கிறேன். வசந்தாமணி கிண்டல் செய்த ரோசத்தில், ஒரே ராத்திரியில் சரிசெய்து காட்ட வேண்டும் என்ற திமிரில், யோசிக்கவே இல்லை.

அந்த மீன் யாருடைய கண்டத்தையும் வாங்கிக்கொண்டு போகவில்லை. என் சோடாவில் செத்தது. இதை அக்காவிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவந்தேன். 7.5. நின்றுவிட்டது. புதுக் கறுப்பு மீன் வாங்கி விட்டாயிற்று. எல்லாம் ஓடி விளையாடுகின்றன. தொட்டி பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது, என்னால் அதன் பக்கம் உட்கார முடியவில்லை.

பரிமளா வந்து, "சார், எங்க ஊட்லயும் ஒண்ணு வெச்சுக் குடுங்க. உங்க கை ராசியான கை" என்றாள்.

"ஆமா, என்ற தம்பி கை ராசியான கை" என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள். எழுந்து குளியலறைக்குப் போய்விட்டேன். நாற்பத்து மூன்று வயசு ஆம்பளை, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அக்கா துணி பிழியும்போது இடது கையை அழுத்துவதில்லை என்று வசந்தாமணி சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டில் வசந்தாமணியே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, கட்டி கொறஞ்சிருக்குதுங்களா?"

"கொறஞ்சுதான் இருக்கும். அதத் தொட்டுத் தொட்டு ஏன் பாக்கோணும்?"

"ஒருக்கா டாக்டரம்மாகிட்டக் காட்டீரலாமுங்."

"ஆடில ஆராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? கண்டம் கழிஞ்சதுக்கப்பறம் வம்ப வெலைக்கு வாங்கறதா? நீயே சொல்லு வேலு."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தெரிந்தது. சோடா என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு மீனைக் கொன்றவன், அவ்வளவுதான். இன்றைக்குச் சொன்னால் நான் யார்?

"ஆடி கழியட்டும்" என்றேன்.

வசந்தாமணி என் தட்டில் ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 26, சனி

7.5.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வேப்ப மரத்தில் தூரி ஊஞ்சல் கட்டியிருந்தோம். வருசா வருசம் அக்காதான் முதலில் ஏறுவாள். ஐம்பத்து நாலு வயசிலும் காலை உந்தி அவள் ஆடுகிற ஆட்டத்தில் கிளை முறிந்துவிடும் என்று நான் திட்டுவேன். இன்றைக்கும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கையால் கயிற்றைப் பிடித்தாள். இடது கை தோளுக்கு மேல் வரவில்லை. இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "கொமட்டுது, அப்பறம் ஆடறேன்" என்று இறங்கி உள்ளே போனாள்.

பின்னாலேயே போனேன். தொட்டி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, கட்டி எத்தன பெருசு இருக்குது?"

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு எலுமிச்சங்காய் அளவு காட்டினாள். "கக்கத்துலயும் ஒண்ணு தட்டுப்படுது" என்றாள்.

அப்போது சொன்னேன். "கருப்பராயன் உன்ற கண்டத்த வாங்கிட்டுப் போகலக்கா. நாந்தான் கொன்னேன்."

"என்றா சொல்ற?"

"தண்ணி புளிச்சுப் போச்சு. நீங்க கோயிலுக்குப் போனப்ப சோடாவக் கரைச்சு ஊத்தினேன். அளவு தெரியாமக் கொட்டிட்டேன். அதுலதான் செத்துது."

அக்கா மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்குக் காலைலயே."

"நான் கும்புட்டனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்னு போன் பண்ணுனயே?"

"தெரியும்."

"ஆடி கழியட்டும்ன?"

தலையை ஆட்டினேன்.

"ஏன்டா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "உனக்கு வெக்கம். எனக்கு உசுருடா" என்றாள். அப்புறம், "நாளைக்கே அந்த டாக்டரம்மாளுக்குப் போன் பண்ணு" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வசந்தாமணியும் வந்தாள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஜூன்லயே வரச் சொன்னேனேம்மா. ஏன் வரல?"

நான் அக்காவுக்குப் பின்னால் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொல்ல வேண்டிய பதில். ஃபைலில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டை உள்ளே தள்ளினேன்.

"பயந்துட்டேனுங்க டாக்டர்" என்றாள் அக்கா. "எல்லாருந்தான் சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

"படிச்ச தம்பி கூட இருக்காரு, அவர் பேச்சையாவது கேட்டிருக்கலாமில்ல?"

"ஆமாங்க. கேட்டிருக்கோணும்."

வெளியே பெஞ்சில் வசந்தாமணி அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் தலபாடா அடிச்சுக்கிட்டனே அக்கா, நீங்க கேக்கவே இல்லயே" என்றாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "தப்புத்தான் கண்ணு" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

ரிசல்ட் வந்தது. புற்றுதான். கக்கத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவிவிட்டது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்க வேண்டும், அப்புறம் ஆப்பரேசன், அப்புறம் மறுபடியும் மருந்து.

மற்றவர்கள் எழுந்து போன பிறகு டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். ஜூன் மாதமே வந்திருந்தால்?

"அப்ப எந்த அளவுல இருந்துச்சுன்னு இப்ப எப்படிங்க சொல்றது? சின்ன ஆப்பரேசனோட முடிஞ்சிருக்கலாம். முடியாமலும் இருந்திருக்கலாம்."

முடிஞ்சிருக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். எப்படியும் இதே கதிதான் என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். இந்த "லாம்" இருக்கிறதே, இது என்னைத் தூங்க விடாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல் மருந்து ஏற்றி வந்தோம். வாந்தி, வாந்தி, ஓயாத வாந்தி. சட்டியைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். "மீனுக்குத் தீனி போட்டயாடா?" என்று கேட்டாள். போட்டேன் என்றேன். அதைத் தவிர அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

முடி கொத்துக் கொத்தாக வருகிறது. வசந்தாமணி உட்காரவைத்து மழித்துவிட்டாள். இரண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே போகாமல் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன்.

வசந்தாமணிக்கு இன்னமும் தெரியாது. அக்கா சொல்லவில்லை. ஒரு சண்டையில், ஒரு வலியில்கூட வாய் தவறவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைக்கிறேன், அந்தச் சோற்றை அவள் வாயைத் திறக்காமல் தின்றுகொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தாராபுரத்தில் இருந்து சின்னம்மா வந்தாள், அப்பாவின் தம்பி சம்சாரம். கூடவே அவள் மகனும் மருமகளும். ஆரஞ்சும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பரிமளாவும் வந்து உட்கார்ந்தாள். கூடம் நிறைய ஆள்.

சின்னம்மாவுக்கு மனசில் ஒன்றும் இருக்காது, வாய்தான் நீளம்.

"ஏன்டி தெய்வான, காலம் போன காலத்துல உனக்கு மீனு ஒரு கேடா? மீனு வந்து நோவ வாங்கிக்குமாமா? கேக்கறவன் சிரிக்க மாட்டானா? தண்டமா ரண்டு மாசத்த விட்டுப்போட்டியேடி. ஊட்ல படிச்ச புள்ள ஒருத்தன வெச்சுக்கிட்டு, அவன் பேச்சக் கேக்காம இப்ப அவனையும் அலைய வெக்கறயே."

அக்கா துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "புத்தி கெட்டுப் போச்சுங் சின்னம்மா" என்றாள்.

"புத்தி எப்ப இருந்துச்சு உனக்கு?" என்று சின்னம்மா சிரித்தாள். மகனும் சிரித்தான். பரிமளா சிரித்தாள். அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். அவளுக்கு வாயெல்லாம் புண், உதட்டை விரிக்க முடியவில்லை.

"அக்கா மேல தப்பில்லீங் சின்னம்மா" என்றேன்.

"நீ உன்ற அக்காளுக்குப் பரிஞ்சுதான்டா பேசுவ."

"பரிஞ்சு பேசல. அந்த மீனக் கொன்னது நான். கம்பெனிச் சோடாவப் போட்டுக் கொன்னேன். கண்டத்த வாங்கிட்டுப் போயிருச்சுன்னு அக்கா நம்புனப்ப, அப்படி இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். வெளிய தெரிஞ்சா மானம் போகும்னு வாய மூடிக்கிட்டேன்."

சின்னம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கையில் வைத்திருந்தாள். பரிமளா தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்து போய்விட்டாள்.

"ஏனுங்க" என்றாள் வசந்தாமணி. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நான் அத்தன தடவ சொன்னனே. ஆடி கழியட்டும்னு சொன்னீங்களே. அப்பவும் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அக்காளப் போட்டுத் திட்டுனனே நான். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். சின்னம்மா, "சரி, சரி, யானைக்கும் அடி சறுக்கும்" என்று எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். மகன் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றான். போகும்போது என்னிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

கூடத்தில் நானும் அக்காவும் மட்டும். கட்டில் காலடியில் உட்கார்ந்தேன். என்னால் நிமிர முடியவில்லை. ஊருக்கே தெரிந்தால் பாரம் இறங்கும் என்பார்கள். ஒன்றும் இறங்கவில்லை. தோலை உரித்து நடுக் கூடத்தில் உட்காரவைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, நீ ஏன் ஒருத்தருகிட்டயும் சொல்லல?"

"நான் எதுக்குடா சொல்லோணும்?" என்றாள். "நீ சொல்லுவீன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரில பாத்தேன். பெஞ்சுல பாத்தேன். இன்னைக்கும் சொல்லாம இருந்திருந்தீன்னா, செத்தாலும் என்னத் தொடாதேன்னு சொல்லீரலாம்னு இருந்தேன்."

அவள் கையைப் பிடிக்க நினைத்தேன். பிடிக்கவில்லை.

கட்டிலோரத்தில் இருந்த கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "கஞ்சி ஆறிப்போச்சு. சூடு பண்ணிட்டு வா" என்றாள்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வசந்தாமணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகரவில்லை. நான் சுற்றிப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். கஞ்சி சூடானதும் கிண்ணத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.